தப்பு சார்லதான்

அறை ஜீரோ டிகிரி வரைக்கும் ஒழுங்கா இறங்கும். அதுக்குக் கீழ ஒரு டிகிரி போச்சோ இல்லையோ, பெட்டி சிவப்பு விளக்கைப் போட்டு "சென்சார் பழுது"ன்னு கத்தும். கத்திட்டு கம்ப்ரசரை நிறுத்திடும். அறை மெல்ல சூடாகும். ரெண்டு டிகிரிக்கு ஏறினதும் பெட்டிக்குத் திடீர்னு ஞானம் வந்து, பச்சை விளக்கைப் போட்டுட்டு கம்ப்ரசரை மறுபடியும் ஓட்டும். மறுபடியும் ஜீரோ, மறுபடியும் கத்தல். மீனும் ஐஸ்கிரீமும் மைனஸ் பதினெட்டுல கெடாம இருக்கணும்னு கட்டின குளிர் அறை, ஜீரோகிட்டயே ஊஞ்சல் ஆடிக்கிட்டு இருந்துச்சு.

குளிர் அறைகளுக்கு இந்த மாதிரி கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யற கம்பெனி அது. பெட்டிக்குள்ள ஓடற ப்ரோக்ராமைப் பாத்துக்கறவருக்கு ஆபீஸ்ல செமிகோலன்னு பேரு. சி மொழியில எழுதறவங்க ஒவ்வொரு வரி முடியும்போதும் ஒரு புள்ளியும் அதுக்கடியில ஒரு கமாவும் வைக்கணும். அதுதான் செமிகோலன். அது இல்லன்னா கம்ப்யூட்டர் அந்த வரியை ஏத்துக்காது. இவரும் அப்படித்தான். எந்தப் பேச்சா இருந்தாலும் "அவ்வளவுதான் விஷயம்"னு ஒரு முடிச்சுப் போடாம எந்திரிக்க மாட்டாரு. பல் டாக்டர் முன்னாடி வாயைத் திறந்து வச்சுக்கிட்டே அதைச் சொல்லிட்டு வந்தவர்னு ஆபீஸ்ல ஒரு கதை உண்டு.

இப்ப அவருக்கு வந்த சங்கடம் என்னன்னா, பெட்டி பழுதுன்னு கத்துற அந்த சென்சார் போர்டை செஞ்சு குடுத்தது அவரோட மச்சினன். வீட்டம்மாவோட கூடப்பொறந்த தம்பி. டயர் கடைக்குப் பின்னாடி நாலு மேஜை போட்டு ஒரு சின்ன பட்டறை வச்சிருந்தான். முன்னாடி வேற இடத்துல சம்பளத்துக்கு இருந்தவன். "கை சுத்தமா வேலை செய்யற, சொந்தமாப் பண்ணு, நான் எங்க கம்பெனியில சொல்றேன்"னு ஏத்திவிட்டது செமிகோலன்தான். அவனுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் இதுதான். அது போச்சுன்னா பட்டறையை மூடிட்டு மறுபடியும் எங்கயாவது கையைக் கட்டி நிக்கணும். இது செமிகோலனுக்குத் தெரியும், வீட்டம்மாவுக்கு அவரை விட நல்லாத் தெரியும்.

சாமான் வாங்கற பிரிவைப் பாத்துக்கற பர்ச்சேஸ் மேடம் நேரா அவர் மேஜைக்கே வந்துட்டாங்க.

"அண்ணே, மனசுல ஒன்னும் வச்சுக்காதீங்க. உங்க மச்சினன் சென்சாருக்குக் குளிர் ஆகாது போலிருக்கு. ஜீரோன்னதும் போர்வைய இழுத்துப் போத்திக்குது."

"சென்சார்தான்னு எப்படிம்மா சொல்றீங்க?"

"நான் எங்கண்ணே சொல்றேன்? உங்க பெட்டிதான் சொல்லுது. எழுத்துக் கூட்டி, சிவப்புல சொல்லுது." அவங்க கையில இருந்த பேனாவை மூடினாங்க. "அடுத்த செவ்வாய்க்கிழமை வாடிக்கையாளர் வந்து அறையைப் பாக்கறாங்க. அதுக்குள்ள சரியாகலன்னா போர்டு எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டு வேற ஆளைப் பாக்கறேன். உங்க மச்சினனையும் வந்து என்னைப் பாக்கச் சொல்லியிருக்கேன்."

"ப்ரோக்ராமையும் ஒருதரம் பாத்துடறேனே."

"பாருங்க. ஆனா பத்து வருஷமா ஓடற ப்ரோக்ராம்ணே அது. மச்சினனுக்காகத் தேடறீங்கன்னு நாலு பேர் பேசுவாங்க. நான் பேசல, பேசுவாங்கன்னு சொல்றேன்."

அவங்க சொன்னதுல பொய் இல்ல. பழைய பெட்டிகள்ல அதே ப்ரோக்ராம் பத்து வருஷமா மக்கர் பண்ணாம ஓடுச்சு. பழைய சிப் கடையில கிடைக்காமப் போனதால இந்தத் தடவை வேற சிப் வாங்கி, அதே ப்ரோக்ராமை அதுல ஏத்தியிருந்தாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச மாற்றம் ரெண்டு. ஒன்னு சிப், இன்னொன்னு மச்சினனோட போர்டு. சிப் பெரிய இடத்துச் சரக்கு. சந்தேகம் யார் மேல போகும்?

வீட்டுலயும் விசாரணை நடந்துச்சு.

"என் தம்பி செஞ்சது எப்படிங்க பழுதாகும்? சின்ன வயசுலயே ரேடியோவை அக்கக்கா பிரிச்சவன்."

"பிரிச்சான். திரும்ப சேர்த்தானா?"

வீட்டம்மா கரண்டியைக் கீழ வச்சாங்க. "நீங்கதானே அவனை வேலைய விடச் சொன்னீங்க? இப்ப கிண்டலா?"

செமிகோலன் அன்னைக்கு முடிச்சுப் போடாமலேயே எந்திரிச்சுட்டாரு.

மறுநாள் ஆபீஸ் கேன்டீன்ல ஒரு குவளை நிறைய ஐஸ் கட்டியும் ரெண்டு கை உப்பும் வாங்கிட்டு வந்தாரு. ஐஸ்ல உப்பைக் கலந்தா ஜீரோவுக்குக் கீழ இறங்கும். பெரிய அறைக்குள்ள உட்காந்து நடுங்கறதுக்கு, மேஜை மேலயே ஒரு சின்ன அறை. சென்சாரை அதுல முக்கினாரு. பெட்டிக்குள்ள இருக்கற ப்ரோக்ராம் இதுவரைக்கும் "பழுது"ன்னு மட்டும்தான் சொல்லும், ஏன்னு சொல்லாது. அதனால நடுவுல ஒரு வரியைப் போட்டு, சென்சார்கிட்ட இருந்து என்ன எண் வருதோ அதை அப்படியே திரையில காட்டச் சொன்னாரு.

மூணு. ரெண்டு. ஒன்னு. ஜீரோ.

அப்புறம் இருநூத்து அம்பத்தஞ்சு.

அதுக்கப்புறம் இருநூத்து அம்பத்து நாலு.

இவ்வளவு வருஷம் இந்தத் தொழில்ல இருந்தவருக்கு அதுக்கு மேல ஒன்னும் வேண்டியிருக்கல. குவளையை ஓரமா நகத்தி வச்சுட்டு, கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டாரு.

விஷயம் இதுதான். சி மொழியில எண்ணைப் போட்டு வைக்க பல அளவுல டப்பா உண்டு. இருக்கறதுலயே சின்ன டப்பாவுக்கு சார்னு பேரு. எழுத்துன்னு அர்த்தம் வர்ற ஆங்கில வார்த்தையைப் பாதியில வெட்டி வச்ச பேரு. சிலர் கேர்னு சொல்லுவாங்க, செமிகோலன் மாதிரி ஆளுங்க எழுத்துக் கூட்டி சார்னுதான் சொல்லுவாங்க. அந்த டப்பாவுல இருநூத்து அம்பத்தாறு விதமான எண்ணுல ஏதோ ஒன்னை வைக்கலாம். அதுல பாதியை மைனஸ் எண்ணா எடுத்துக்கறதா, இல்ல எல்லாத்தையும் ப்ளஸ்ஸாவே எடுத்துக்கறதாங்கறதை அந்த மொழி அடிச்சுச் சொல்லாம விட்டுடுச்சு. அது அந்தந்த சிப்போட வழக்கம். பழைய சிப்புக்கு மைனஸ் தெரியும். புது சிப்புல சார்னு சும்மா எழுதினா அதுக்கு மைனஸே கிடையாது. அதனால சென்சார் நல்லபடியா மைனஸ் ஒன்னுன்னு சொல்லி அனுப்புது, புது சிப் அதையே இருநூத்து அம்பத்தஞ்சுன்னு வாசிக்குது. குளிர் அறையில இருநூத்து அம்பத்தஞ்சு டிகிரி எப்படி வரும்? அறுபதுக்கு மேல எது வந்தாலும் சென்சார் பழுதுன்னு சொல்லுன்னு ப்ரோக்ராம்ல யாரோ புத்திசாலித்தனமா எழுதி வச்சிருந்தாங்க. பெட்டி சொன்னபடி செஞ்சுது.

மச்சினன் பாவம், அன்னைக்குத்தான் பர்ச்சேஸ் மேடம் கூப்பிட்டு கீழ் மாடிக்கு வந்திருந்தான். செமிகோலனுக்கு சந்தோஷம் தாங்கல. அவரு எழுதறதுல நிதானம், பேசறதுல அவசரம். போனை எடுத்து ஒரு குரல் செய்தி அனுப்பினாரு.

"மச்சான், கவலைய விடு. சென்சார்ல தப்பில்ல. தப்பு சார்லதான். பழைய இடத்துல சார் ஒழுங்காத்தான் இருந்துச்சு. புது இடத்துக்கு வந்ததுல இருந்து அதுக்கு மைனஸே தெரியல, கண்டதையும் பெருசு பெருசாக் காட்டுது. நான் ஒவ்வொரு சாராப் புடிச்சு மாத்தப் போறேன். அவ்வளவுதான் விஷயம்."

மச்சினனுக்கு கம்பி, ஈயம், போர்டு இதெல்லாம் தெரியும். சி மொழி தெரியாது. அவனுக்குத் தெரிஞ்ச ஒரே சார், மேனேஜர். அந்தக் கம்பெனியில சார்னு சொன்னா அவர் ஒருத்தர்தான். போன வாரம்தான் அவரு மேல் மாடியில கண்ணாடி அறைக்கு மாறியிருந்தாரு. ஆக, புது இடம்னதும் அவனுக்கு எல்லாமே பொருந்திப் போச்சு.

"மேடம், கேளுங்க! எங்க மாமாவே சொல்லிட்டாரு. தப்பு எங்க பக்கம் இல்ல"ன்னு சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வச்சான். பர்ச்சேஸ் மேடம் கண்ணால ஏதோ ஜாடை காட்டினாங்க. அவன் அதை "இன்னும் சத்தமா வை"ங்கறதா நினைச்சுக்கிட்டான். கதவுகிட்ட மேனேஜர் நின்னுக்கிட்டு இருந்தாரு.

அரை மணி கழிச்சு செமிகோலனுக்கு மேல் மாடியில இருந்து அழைப்பு.

"உட்காருங்க. என்னை மாத்தப் போறீங்களாமே?"

"எதை சார்?"

"எதையா? 'எதை'ன்னுதான் கேப்பீங்க. 'இருந்துச்சு', 'காட்டுது', 'அதுக்கு'. பதினஞ்சு வருஷம் கூட வேலை பாத்திருக்கோம். திட்டறதுன்னா திட்டுங்க. மாடு கன்னு மாதிரியா பேசறது? ஒரு 'ர்' போட்டுத் திட்டக் கூடாதா?"

செமிகோலனுக்கு அப்பதான் உறைச்சது. காது ரெண்டும் சிவந்துபோச்சு. "சார், அது சார் இல்ல சார்."

"சார் இல்லன்னா அப்புறம் நான் யாரு?"

"ஐயோ, நீங்க சார்தான் சார். நான் சொன்னது வேற சார்."

"எத்தனை சார்யா இருக்கோம் இங்க?"

இது பேசித் தீராதுன்னு செமிகோலன் எந்திரிச்சுப் போயி, சுவத்துல இருந்த வெள்ளைப் பலகையில அந்த நாலு எழுத்தை ஆங்கிலத்துல எழுதினாரு. பக்கத்துல மைனஸ் ஒன்னு, அதுக்குப் பக்கத்துல இருநூத்து அம்பத்தஞ்சு. நடுவுல ஒரு அம்புக்குறி.

மேனேஜர் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டுப் பாத்தாரு. "இது கேர் ஆச்சே!"

"நாங்க அதை சார்னுதான் சொல்லுவோம் சார்."

மேனேஜரும் ஒரு காலத்துல ப்ரோக்ராம் எழுதினவர்தான். பலகையைப் பாத்ததுமே அவருக்குப் புரிஞ்சுபோச்சு.

"வெப்பநிலை ஃபைலா?"

"ஆமா சார்."

"எழுதினவர்னு மேல யாரு பேரு போட்டிருக்கு?"

"உங்க பேருதான் சார்."

"அப்போ உங்க மச்சினன் சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டிருக்காரு"ன்னாரு மேனேஜர். சிரிக்கல.

"நீங்க எழுதினப்போ அந்த சிப்புல அது சரி சார். சிப் மாறும்போது யாராவது பாத்திருக்கணும். அதுல நானும் சேர்த்திதான்."

மேனேஜருக்கு ஒரு குறுக்கு வழி தெரியும். ப்ரோக்ராமை சிப்புக்கு ஏத்தமாதிரி மாத்திக் குடுக்கற கம்பைலர்கிட்ட, "எல்லா சாரையும் மைனஸ் தெரிஞ்சதா எடுத்துக்கோ"ன்னு ஒரே ஒரு வரி சொன்னாப் போதும். "அதைப் போட்டு விடுங்க. செவ்வாய்க்கிழமைக்குள்ள வேற என்ன செய்ய முடியும்?"ன்னாரு.

போட்டாங்க. சென்சார் எண் சரியா வந்துச்சு. ஆனா திரை கெட்டுப்போச்சு. டிகிரிக்குப் போடற அந்தச் சின்ன வட்டம் இருந்த இடத்துல ஒரு பாதி மூஞ்சி மாதிரி என்னவோ வந்து உட்காந்துக்கிச்சு. திரைக்கான ப்ரோக்ராம் புது சிப்போட சேர்ந்து வந்தது. அதை எழுதினவங்க சாருக்கு மைனஸ் கிடையாதுன்னு நம்பி எழுதியிருந்தாங்க. வட்டக் குறியோட எண் நூத்தி இருபத்தேழுக்கு மேல; மைனஸ் தெரிஞ்ச டப்பாவுல ப்ளஸ் எண் அதோட முடிஞ்சுடும். அது மைனஸா மாறினதும், எழுத்து வரிசையில முன்னாடி போயி யாரோடதோ இடத்துல கையை விட்டு எடுத்துட்டு வந்துச்சு. தலைக்கு எண்ணெய் தேய்ச்சா காலு வழுக்குதுங்கற கதைதான். பர்ச்சேஸ் மேடம் வந்து பாத்துட்டு, "சென்சார் பழுதுன்னுச்சு, இப்ப பேய் வேற பிடிச்சிருக்கா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

"சரி, உங்க வழிக்கே போங்க"ன்னுட்டாரு மேனேஜர்.

செமிகோலனோட வழி ஒன்னும் ரகசியம் இல்ல. இந்த மாதிரி இடத்துல எல்லாம் கம்பைலரே எச்சரிக்கை குடுக்கும். வார்னிங்னு சொல்லுவாங்க. "இந்த டப்பாவுல மைனஸ் வரவே வராது, நீ ஏன் மைனஸான்னு கேக்கற?"ன்னு கூட அது கேக்கும். ஆனா வார்னிங் வந்தாலும் ப்ரோக்ராம் ஓடும். ஓடுதேன்னு, திரை நிறைய வந்து கண்ணை உறுத்துதேன்னு, எப்பவோ யாரோ அந்த வார்னிங் எல்லாத்தையும் வாயை அடைச்சு வச்சிருந்தாங்க. யாருன்னு செமிகோலன் தேடல. வாயைத் திறந்துவிட்டாரு. கொட்டுச்சு பாருங்க, மடை உடைஞ்ச மாதிரி. பக்கம் பக்கமா.

ஒன்னொன்னா எடுத்தாரு. மைனஸ் வரக்கூடிய இடத்துல "இது மைனஸ் தெரிஞ்ச சின்ன டப்பா"ன்னு வகையை வாய்விட்டு எழுதினாரு. திரை எழுத்து வர்ற இடத்துல "இதுக்கு மைனஸ் கிடையாது"ன்னு எழுதினாரு. பெரிய டப்பாவுல இருந்து சின்ன டப்பாவுக்கு ஊத்தற இடத்துல எல்லாம், வழியாம கொள்ளுமான்னு ஒரு சோதனை வச்சாரு. வார்னிங்கை அடக்கறதுக்கு ஒரு சுலபமான தந்திரம் உண்டு. அடைப்புக்குறிக்குள்ள வகையோட பேரைப் போட்டு, "இதை இப்படித்தான் எடுத்துக்கணும்"னு அதட்டினா கம்பைலர் பேசாம இருந்துடும். பழைய ஃபைல்ல அப்படி அதட்டின இடம் நிறைய. எதுக்கு அதட்டினாங்கன்னு ஒவ்வொன்னையும் படிச்சு, தேவையில்லாததை எடுத்தாரு. ரெண்டு இடத்துல அந்த அதட்டலுக்குப் பின்னாடி நிஜமாவே ஒரு தப்பு ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பாக்கறதுக்கு ஒரு வீரமும் இல்லாத வேலை. பயறு பொறுக்கற மாதிரி.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல கடைசி வார்னிங்கும் அடங்குச்சு. புது ப்ரோக்ராமை ஏத்தி, சோதனை அறையில மச்சினனோட போர்டு அத்தனையையும் வரிசையா மாட்டி, கதவை மூடினாங்க. ஜீரோ. மைனஸ் ஒன்னு. பெட்டி கத்தல. மைனஸ் அஞ்சு, மைனஸ் பத்து. சாயங்காலம் கிளம்பற நேரத்துக்கு மைனஸ் பதினெட்டுல போயி சமத்தா நின்னுச்சு.

செமிகோலன் வீட்டுக்குப் போன் போட்டாரு. "சொல்லிடு உன் தம்பிகிட்ட. ஓடுது."

"நான்தான் அப்பவே சொன்னேனே"ன்னாங்க வீட்டம்மா. பின்னாடியே மச்சினன் குரல், "மாமா, நீங்க சார் இல்ல, சாருக்கே சார்!"னு கத்துச்சு. அவன் அக்கா வீட்டுலயே காத்துக்கிட்டு உட்காந்திருந்திருக்கான்.

சனிக்கிழமை காலையில பதிவைப் பாக்க வந்தப்போதான் இன்னொன்னு தெரிஞ்சுது. எல்லாப் போர்டும் ஒழுங்கா எண் அனுப்பியிருக்கு. ரெண்டே ரெண்டு போர்டு மட்டும், நல்லாக் குளிர்ந்தப்புறம், அப்பப்ப மைனஸ் நூத்தி இருபத்தெட்டுன்னு ஒன்னை அனுப்பிட்டு, அடுத்த நொடியே சரியாயிருக்கு. மைனஸ் நூத்தி இருபத்தெட்டுன்னா அது வெப்பநிலை இல்ல. "எனக்குக் கம்பி இணைப்பு விட்டுப்போச்சு"ன்னு போர்டு தானே சொல்றதுக்காக ஒதுக்கி வச்ச எண். பழைய குளறுபடியில அறை அவ்வளவு குளிரவே இல்ல, வந்திருந்தாலும் பழுதுக் கூட்டத்தோட கூட்டமாக் கலந்து தெரியாமப் போயிருக்கும். வகையைச் சரியா எழுதினதும் தனியாத் தெரிய ஆரம்பிச்சுது.

போர்டைக் கழட்டிப் பாத்தாரு. கம்பி செருகற சாக்கெட் லேசா ஆடுச்சு. சும்மா இருக்கும்போது தெரியாது. குளிர்ல பிளாஸ்டிக் சுருங்கினா பிடி விட்டுடும்.

யாரும் பாக்கல. எப்பவாவது ஒரு நொடி வந்துட்டுப் போறது. வாடிக்கையாளர் வந்து நிக்கற பத்து நிமிஷத்துல வராமலேயே கூடப் போகலாம். செமிகோலன் ஒரு டீயை வாங்கிட்டு வந்து, அது ஆறற வரைக்கும் அந்த ரெண்டு போர்டையும் பாத்துக்கிட்டு உட்காந்திருந்தாரு. அப்புறம் கிளம்பி டயர் கடைக்குப் பின்னாடி போனாரு.

மச்சினன் முதல்ல நம்பல. அப்புறம் சாக்கெட்டை விரலால ஆட்டிப் பாத்துட்டு உதட்டைக் கடிச்சான்.

"ரெண்டே ரெண்டுதானே மாமா."

"இன்னைக்கு ரெண்டு. இதே சாக்கெட்தானே எல்லாத்துலயும்?"

"மத்தது ஆடலையே?"

"இன்னும் ஆடல."

"யாருக்காவது சொல்லிட்டீங்களா?"

"உன்கிட்டத்தான் முதல்ல. திங்கக்கிழமை அறிக்கையில எழுதணும்."

மச்சினன் ஈயம் வைக்கற கம்பியை மேஜையில போட்டான். "நல்லா இருக்கு மாமா. கம்பெனிக்காரன் தப்பைத் தேடிப் போயி என் தப்பைக் கண்டுபிடிச்சிருக்கீங்க. நீங்க திருத்தினதாலதானே தெரியுது? திருத்தாமலே விட்டிருக்கலாமே!"

"திருத்தாம விட்டிருந்தா உன் போர்டு முழுக்கத் திரும்பி வந்திருக்கும்டா."

"இப்ப மட்டும் என்ன, மாலை போட்டு வச்சுக்கப் போறாங்களா? 'அவங்க மாமாவே எழுதிக் குடுத்துட்டாரு'ன்னு சொல்லித்தான் அனுப்புவாங்க. ரெண்டு நாள் பொறுத்துக்குங்க. செவ்வாய்க்கிழமை போகட்டும், நான் சத்தமில்லாம மாத்திடறேன்."

"அதுக்குள்ள ஒரு அறையில மீன் கெட்டுப்போனா?"

"உங்களுக்கு உங்க ப்ரோக்ராம் சுத்தமா இருக்கணும். அதுதான் வேணும். ஆளு எக்கேடு கெட்டா என்ன?"

அது முழுப்பொய்யும் இல்லங்கறது செமிகோலனுக்கே தெரியும். வீட்டுக்கு வந்தா, அவரு வர்றதுக்கு முன்னாடியே செய்தி வந்திருந்துச்சு. வீட்டம்மா சாப்பாட்டை மேஜையில வச்சுட்டு உள்ள போயிட்டாங்க. ஞாயித்துக்கிழமை பூரா அந்த வீட்டுல மிக்ஸிதான் பேசுச்சு.

திங்கக்கிழமை அறிக்கையை எழுதினாரு. முதல் பத்தி: எண் வகை பொருந்தாத தப்பு, எந்தெந்த ஃபைல், எப்படித் திருத்தினது. ரெண்டாவது பத்தி: சாக்கெட் தளர்வு, எந்தெந்தப் போர்டு, மத்ததுலயும் வர வாய்ப்பு உண்டு. மச்சினன்னு எங்கயும் எழுதல, "போர்டு செய்தவர்"னு எழுதினாரு. மேனேஜருக்கும் பர்ச்சேஸ் மேடத்துக்கும் அனுப்பிட்டுக் கூப்பிடற வரைக்கும் காத்திருந்தாரு.

கண்ணாடி அறையில ரெண்டு பேரும் அறிக்கையைத் தாள்ல எடுத்து வச்சிருந்தாங்க. பர்ச்சேஸ் மேடம்தான் முதல்ல பேசினாங்க.

"அண்ணே, ஒன்னு உண்மையைச் சொல்லிடறேன். முதல் பத்தியைப் படிச்சப்போ நான் நம்பல. மைனஸாம், டப்பாவாம், சாராம். மச்சினனைக் காப்பாத்த மாமா கட்டற கதைன்னுதான் நினைச்சேன். கேக்கறதுக்கு பெரிய பட்டியலே வச்சிருந்தேன்."

"கேளுங்கம்மா."

"ரெண்டாவது பத்தியைப் படிச்சுட்டு அந்தப் பட்டியலைக் கிழிச்சுப் போட்டேன். கதை கட்டறவரு இதை எழுதியிருக்க மாட்டாரு."

மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே, "என் பேரை மேல இருந்து எடுத்துடலையே?"ன்னு கேட்டாரு.

"இல்ல சார். அப்படியே இருக்கு. கீழ என் பேரைச் சேத்திருக்கேன்."

"ம்"னாரு. அதுக்கப்புறம் முடிவைச் சொன்னாரு. வாடிக்கையாளர் நாளைக்கு வரும்போது ஆடாத போர்டு மட்டும் மாட்டணும், சாக்கெட் விஷயத்தை அவங்ககிட்டயும் சொல்லிடணும். ஆர்டர் மச்சினனுக்கே இருக்கட்டும். ஆனா எல்லாப் போர்டுலயும் பூட்டு வச்ச சாக்கெட் மாத்தணும். ஒவ்வொரு போர்டையும் மைனஸ் பதினெட்டுல வச்சுப் பாத்த பிறகுதான் இங்க அனுப்பணும்.

"அவன்கிட்ட குளிர் அறை இல்லையே சார்"ன்னாரு செமிகோலன்.

"அது அவரு பாடு"ன்னாங்க பர்ச்சேஸ் மேடம்.

செவ்வாய்க்கிழமை நல்லபடியா முடிஞ்சுது. மச்சினன் நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லல. "குத்தம் சொல்லித்தான் ஒருத்தனைக் காப்பாத்துவாங்களா?"ன்னு அக்காகிட்ட மட்டும் கேட்டிருக்கான். புதன்கிழமை சாயங்காலம் செமிகோலன் வீட்டுக்கு வந்தப்போ சமையலறையில ஃப்ரிட்ஜோட மேல் கதவு லேசாத் திறந்து கிடந்துச்சு. ஐஸ் வைக்கற இடத்துல வெத்தலை அடுக்கின மாதிரி வரிசையா போர்டு, கதவு இடுக்கு வழியா கொத்துக் கொத்தாக் கம்பி வெளிய வந்து ஒரு மீட்டர்ல போயி முடிஞ்சுது. முன்னாடி மச்சினன் முக்காலி போட்டு உட்காந்திருந்தான்.

திரும்பிப் பாக்காமலேயே, "மாமா, இந்தக் கதவு சரியா மூட மாட்டேங்குது"ன்னான்.

செமிகோலன் செருப்பைக் கழட்டிட்டு வந்து கதவை உள்ளங்கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டாரு. மீட்டர்ல எண் இறங்கிக்கிட்டு இருந்துச்சு. மைனஸ் பன்னெண்டு. மைனஸ் பதிமூணு.

"எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்?"

"இந்த வரிசை முடியற வரைக்கும். அப்புறம் இன்னும் மூணு வரிசை இருக்கு."

உள்ள இருந்து வீட்டம்மா வந்தாங்க. கம்பியைப் பாத்தாங்க, தம்பியைப் பாத்தாங்க, கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்ன புருஷனைப் பாத்தாங்க.

"டேய், அதுக்குள்ள பட்டாணி வச்சிருந்தேனே, எங்கடா போட்ட?"

"சிங்க்ல இருக்குக்கா."

"ஐஸ் கரைஞ்சு சொதசொதன்னு ஆயிடுச்சுடா! ஏங்க, நீங்களும் பாத்துக்கிட்டே நிக்கறீங்களே?"

"கையை எடுத்தா சூடாயிடும்மா"ன்னாரு செமிகோலன்.